ஓர் எழுத்துக்குள் ஒரு காலம்

சுட்டிகளே, இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஃபுட்டு, டாகு, பிகி, வாக்கா. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பாதம், நாய், பெரிய, நட என்பவைதான் அவை. ஃபுட், டாக், பிக், வாக் என்ற ஆங்கிலச் சொற்கள் வால் முளைத்து நிற்கின்றன! நம் வீட்டில் பஸ் ‘பஸ்ஸு’ ஆவதில்லையா, அப்படித்தான்.

இந்த மொழியின் பெயர் என்டியூக்கா. தென் அமெரிக்காவின் சூரிநாம் நாட்டுக் காடுகளில், தப்பனஹோனி ஆற்றங்கரை ஊர்களில் பேசுகிறார்கள்.

அங்கே ஆங்கிலம் எப்படிப் போனது? 1651-இல் ஆங்கிலேயர் அங்கே குடியேறிக் கரும்புத் தோட்டம் போட்டார்கள். 1667-இல் அது டச்சுக்காரர் கைக்கு மாறியது. தோட்டங்களில் உழைக்க இரு தரப்பாரும் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டு வந்தார்கள். பக்கத்தில் நிற்பவர் பேசுவது புரியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு தாய்மொழி. காதில் விழுந்த ஆங்கிலச் சொற்களை எடுத்து, தங்கள் உச்சரிப்பில் பேசிக்கொண்டார்கள். அடுத்த தலைமுறைக்கு அதுவே தாய்மொழி ஆனது. இப்படிப் பிறக்கும் மொழிதான் கிரியோல்.

பலர் தப்பித்துக் காட்டுக்குள் போய் ஊர் அமைத்தார்கள். இவர்களைத்தான் மரூன்கள் என்கிறோம். இவர்களை அடக்க முடியாத டச்சுக்காரர்கள், 1760 அக்டோபர் 10 அன்று மரூன்களில் ஒரு பிரிவினரான என்டியூக்கா மக்களோடு சமாதான ஒப்பந்தம் செய்து, அவர்களின் விடுதலையை ஏற்றார்கள். சூரிநாமில் அடிமை முறை ஒழிந்ததோ 1863-இல்தான்!

“இது அரைகுறை ஆங்கிலம்தானே?” என்று கேட்டால், இதைப் பாருங்கள்:

மி வாக்கா – நான் நடந்தேன்.
மி எ வாக்கா – நான் நடந்துகொண்டிருக்கிறேன்.
மி ஒ வாக்கா – நான் நடப்பேன்.

‘வாக்கா’ மாறவே இல்லை. முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்து காலத்தைச் சொல்லிவிடுகிறது. நாம் வினைக்குள்ளே காலத்தை வைக்கிறோம். அவர்கள் வினைக்கு முன்னால் வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் இந்த விதி அப்படியே கிடையாது. அரைகுறை மொழிக்கு இவ்வளவு ஒழுங்கு வருமா?

இந்த மொழிக்கென்றே தனி எழுத்தும் உண்டு. 1910 வாக்கில் அஃபாக்கா என்பவர் 56 எழுத்துகளை உருவாக்கினார். அதில் ‘பே’ என்ற எழுத்து, சுருண்ட கோட்டுக்குள் ஒரு புள்ளி. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையாம்! அந்த மொழியில் ‘பே’ என்றால் வயிறு.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. ‘அ’ என்றால் ‘அந்த’. அப்படியானால், “அ டாகு ஒ வாக்கா” என்றால் என்ன? விடை மேலே இருக்கிறது, தேடுங்கள்!