நான்கு வீடுகள், ஒரு வாசல்

களுபோவிலையில் எந்தையார் விட்டுச்சென்ற ஓட்டுவீட்டின் முன்விறாந்தையை அடைத்து அறையாக்க வேண்டுமென்று என் தம்பி சில காலமாக வற்புறுத்தி வருகிறான். அவன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர், இடம் போதவில்லை. தந்தையார் மாலைதோறும் சாய்வுநாற்காலியில் அமர்ந்து பத்திரிகை படித்த இடமாயிற்றே என்று நான் மறுத்து வந்தேன். எங்களிருவரிடையே பேச்சுங்கூடச் சற்றுக் குறைந்துவிட்டது. இந்த மனநிலையிலேதான், கொழும்பு பகதலே வீதியருகே 33ஆம் ஒழுங்கையிலுள்ள 11ஆம் இலக்க இல்லத்தைப் பார்க்கச் சென்றேன்.

கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா (1919–2003) வாழ்ந்த வீடு அது. 1982இல் திறக்கப்பட்ட நமது பாராளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவர், தமக்கென வெற்றுநிலத்தில் ஒரு மாளிகை எழுப்பியிருப்பார் என்று எண்ணிச் செல்வோர் ஏமாறுவர். அப்பால் வழியில்லாத ஒரு குறுகிய சந்தில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளுள் மூன்றாவதை 1958இல் வாங்கி, திருத்திக் குடிபுகுந்தார். நான்காவது வீடு காலியாகவே அதனையும் சேர்த்துக்கொண்டார். பத்தாண்டு செல்ல, ஏனைய இரண்டும் கைக்கு வந்தன. வரிசையின் தலைப்பில் நின்ற முதல் வீட்டை மட்டும் இடித்துவிட்டு, அவ்விடத்தில் கோபுரம்போல் மாடிமேல் மாடியாக ஒரு பகுதியை எழுப்பினார்.

உள்ளே நுழைந்ததும் வெண்ணிறமான நீண்ட நடை. அதன் கோடியில் மேலிருந்து ஒளி விழும் ஒரு சிறு குளம். அதனைச் சூழச் செட்டிநாட்டுத் தூண்கள். அப்பாலும் சின்னஞ்சிறு முற்றங்கள் வானை நோக்கித் திறந்திருக்கின்றன. நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்க்கு இந்த ஒளியும் காற்றும் புதியவை அல்ல. ஒரு வீடு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கிற்று என்று சுவர்தோறும் தேடினேன்; புலப்படவில்லை.

பழைய வீட்டை வேறுவகையிற் பேணியோரும் உளர். 1588இல் விவிலியம் முழுவதையும் வேல்ஷ் மொழியில் வெளியிட்டவர் வில்லியம் மோர்கன். வேல்ஸ் நாட்டு மலைப்பள்ளத்தாக்கில் அவர் பிறந்த இடமாகப் போற்றப்படும் டீ மவுர் என்னும் கல்வீட்டை, அந்நூலின் 400ஆம் ஆண்டாகிய 1988இல், 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இருந்திருக்கக்கூடிய தோற்றத்துக்கு மீட்டமைத்தனர். ஒரு மொழிக்கு உயிரூட்டியவருக்கு அம்மரியாதை தகும். ஆயினும், இடையில் அங்கே உழுதுண்டு வாழ்ந்த தலைமுறைகள் தம் வசதிக்கென்று செய்துகொண்ட மாற்றங்களுக்கு யார் மரியாதை செய்வது? எனக்கென்னவோ பாவாவின் வழியே மனத்துக்கு நெருங்கியதாகத் தோன்றிற்று.

அன்று மாலை எங்கள் விறாந்தையின் சிவப்புச் சீமெந்துத் தரையை உற்று நோக்கினேன். சுவரோரமாக நீளவாட்டில் ஓர் இணைப்புக்கோடு; அதற்கு இப்பால் நிறம் சற்றே வேறு. இத்தனை ஆண்டுகள் அதன்மேல் நடந்தும் கண்டதில்லை. அம்மாவைக் கேட்டேன்.

“அது பிறகு இறக்கினதடா. நீ பிறந்த பிறகுதான் அப்பா விறாந்தை போட்டவர். முந்தி அதிலை ஒரு முருங்கைமரம் நிண்டது.”

மறுநாள் தம்பியை அழைத்தேன். கிழக்குச் சுவரில் பெரிய யன்னல் ஒன்று வைப்பதானால் வேலையைத் தொடங்கலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மேசன் அளவெடுக்க வருகிறார். சாய்வுநாற்காலியை எங்கே போடுவதென்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.