புளியாரையில் பிறக்கும் நீலப்பூச்சி

காரைக்காலில் அரசலாறு கடலில் கலக்கிறது. அந்த ஆற்றங்கரைப் புல்லிலும், திருநள்ளாறு பக்கத்து வயல் வரப்பிலும், காலை வெயில் ஏறியதும் சின்னஞ்சிறு நீல வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும்.

இறக்கையை விரித்தாலும் ஓர் அங்குல அகலம்தான். முழங்கால் உயரத்துக்கு மேல் பறப்பது அபூர்வம். புல்லை ஒட்டியே பறப்பதால் "புல் நீலன்" என்று பெயர்.

அடையாளம் என்ன?

இவற்றில் பல வகை உண்டு. ஒன்று, வெளிர் நீலன். ஆண் பூச்சி வெளிர் நீலம். இறக்கை ஓரத்தில் கருப்புக் கரை. பெண் பூச்சி பழுப்பு. இறக்கையை மூடி உட்கார்ந்தால் இரண்டும் ஒன்று போல இருக்கும். சாம்பல் நிறத்தில் கரும்புள்ளிகள். புள்ளிகளைச் சுற்றி வெள்ளை வளையம்.

மற்ற வகைகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். முட்டையிடும் செடியையும் பார்க்க வேண்டும். ஒரு வகை குப்பைக்கீரையிலும் நெருஞ்சியிலும் முட்டையிடும். இன்னொரு வகை சிறுபுள்ளடியை நாடும். வெளிர் நீலன் தேடுவது புளியாரையை!

கிணற்றடியிலும் வேலி ஓரத்திலும் தானாக முளைக்கும் செடி அது. மூன்று மூன்றாக இலை, மஞ்சள் பூ. பிள்ளைகள் பறித்து மென்று, புளிப்பில் கண்ணைச் சுருக்குவார்கள்.

எறும்பின் காவல்

பூச்சி, புளியாரையில் ஒவ்வொரு முட்டையாக இடும். வெளிவரும் பச்சைப் புழு அந்த இலையையே தின்று வளரும். புழுவின் உடலில் இனிப்பு நீர் சுரக்கும். அதைக் குடிக்க எறும்புகள் வரும். எறும்புகள் சூழ்ந்திருக்கும்போது எதிரிகள் எளிதில் நெருங்குவதில்லை. கூலி கொடுத்துக் காவல் வைத்த கதைதான்!

ஜப்பானில் நடந்தது

இதே பூச்சி ஜப்பானிலும் இருக்கிறது. 2011 மார்ச்சில் அங்கே புகுஷிமா அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது. பிறகு ரியூக்யூ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பகுதியில் இந்தப் பூச்சிகளைப் பிடித்துப் பார்த்தார்கள். சிலவற்றின் இறக்கையிலும் கண்ணிலும் குறைகள் இருந்தன. அவற்றின் குஞ்சுகளில் குறைகள் இன்னும் அதிகம். கதிர்வீச்சே காரணம் என்று 2012-ல் அறிவித்தார்கள். அதில் சந்தேகம் எழுப்பிய விஞ்ஞானிகளும் உண்டு.

ஆனாலும் ஒன்று நிச்சயம். புளியாரை முளைக்கும் மண்ணில்தான் இந்தப் பூச்சியின் பிழைப்பு. களை என்று செடியை அடியோடு பிடுங்கினால், மருந்து தெளித்துக் கருக்கினால், புழுவுக்குச் சாப்பாடு இல்லை, பூச்சியும் இல்லை.

அடுத்த முறை கொல்லையைச் செதுக்கும்போது, வேலி ஓரத்தில் ஒரு பிடி புளியாரையை விட்டு வையுங்கள். நீல விருந்தாளி தானே தேடி வருவான்!