கம்ப்யூட்டர் ஊமையாவது ஏன்?

வீட்டு மேஜையின் மீது ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அதில் க்யூபேஸ், ரீப்பர், எஃப்எல் ஸ்டூடியோ முதலான சங்கீத மென்பொருள்களில் ஒன்றை நிறுவி, சிறியதொரு கீபோர்டையும் இணைத்துக்கொண்டு, இனி ஸ்வரங்களெல்லாம் நம் கைக்குள் அடக்கம் என்ற உற்சாகத்தோடு உட்காருகிறவருக்கு முதல் நாளே நேரிடுகிற சோதனை அநேகமாக ஒரே விதமானதுதான். கட்டையை அழுத்தினால் திரையில் பச்சைக்கோடு துள்ளுகிறது. சப்தம் மட்டும் வரவில்லை. சந்தேகம் தீரப் பிரௌசரைத் திறந்து யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டால், அது கணீரென்று பாடுகிறது. மறுபடியும் மென்பொருளுக்கு வந்தால், சாதனம் வேறொருவர் உபயோகத்தில் இருப்பதாக ஓர் அறிவிப்பு தோன்றுகிறது. இந்த நிலையில் கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது என்று தீர்மானித்துக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. உண்மையில் அங்கே எதுவும் பழுதாகவில்லை. ஒரே சப்தக் கருவிக்கு இரண்டு மென்பொருள்கள் ஏககாலத்தில் பாத்தியதை கொண்டாடுகின்றன, அவ்வளவே.

இந்த வழக்கு புதியதன்று. சிங்கப்பூரைச் சேர்ந்த க்ரியேட்டிவ் நிறுவனத்தார் 1989-இல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ கார்டை வெளியிட்ட காலத்தில், கம்ப்யூட்டரின் மூளையை இடைமறித்து ‘என்னைக் கவனி’ என்று சொல்வதற்கு, பூஜ்யம் முதல் 15 வரை எண்ணிட்ட சில வழிகளே இருந்தன. அவற்றில் ஏழாம் எண்ணிட்ட வழி சம்பிரதாயமாகப் பிரிண்டருக்கு உரியது. சவுண்ட் பிளாஸ்டரும் ஆரம்பத்தில் அதே ஏழாம் எண்ணோடு வந்தது. இரண்டு உபகரணங்கள் ஒரே எண்ணைப் பற்றிக்கொண்டால், விளையாட்டின் நடுவே சப்தம் அறுந்துபோவதும், சில சமயம் கம்ப்யூட்டரே உறைந்துபோவதும் சகஜம். கார்டைக் கழற்றி, அதன் மேலிருக்கும் கடுகளவு ஜம்பரை ஓர் ஊசியிலிருந்து மற்றோர் ஊசிக்கு மாற்றிச் செருகுவதே பரிகாரம். விண்டோஸ் 95 வந்த பிறகு இந்த எண்களைப் பங்கிடும் பொறுப்பைக் கம்ப்யூட்டரே ஏற்றுக்கொண்டது. ஆனால் வழக்கு முடிந்துவிடவில்லை. உலோகக் கம்பியிலிருந்து மென்பொருளுக்கு இடம் மாறிற்று.

விண்டோஸின் உள்ளே, பல மென்பொருள்களிலிருந்து வரும் சப்தங்களையெல்லாம் வாங்கி, ஒன்றாகக் கலந்து, ஸ்பீக்கருக்கு அனுப்பிவைக்கும் ஒரு மத்தியஸ்தன் உண்டு. பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மின்னஞ்சல் வந்ததற்கான மணியும் கேட்பது இவன் தயவால்தான். ஆனால் கலப்பதற்கு அவகாசம் வேண்டுமல்லவா? விண்டோஸ் எக்ஸ்பி நாட்களில் இவன் ஒருவனே சுமார் 30 மில்லி வினாடியை விழுங்கினான். சப்தம் காற்றில் ஒரு மில்லி வினாடிக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் பிரயாணம் செய்கிறது. ஆகவே, வாசிக்கிறவர் தம் வாத்தியத்தைப் பத்து மீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டு இங்கிருந்து விரலை அசைக்கும் கதி நேர்ந்தது. தாளத்தில் கவனமுள்ள எவரும் இதைச் சகிக்கமாட்டார்கள். இதற்கு மாற்றாகத்தான், ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பர்க் நிறுவனத்தார் 1997-இல் ‘ஏசியோ’ என்ற முறையை வகுத்தார்கள். மத்தியஸ்தனை விலக்கிவிட்டு, சங்கீத மென்பொருள் நேரே சப்தக் கருவியோடு பேசுவதே அதன் சாரம். பின்னர் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த ‘வாசாபி’ என்ற ஏற்பாட்டில், எல்லோருக்கும் பொதுவான வழி ஒன்றும், ஒருவருக்கே பிரத்தியேகமான வழி ஒன்றுமாக விண்டோஸே இரண்டையும் வைத்துக்கொண்டது. வேகம் கிடைத்தது, ஆனால் பிரத்தியேக வழியில் ஒருவர் நுழைந்தால் மற்றவர்களுக்குக் கதவு சாத்தப்படும்.

இந்த ஒரு சங்கதியை அறிந்துகொண்டவர், பாதிக் கோளாறுகளை நாற்காலியை விட்டு எழாமலே தீர்த்துவிடலாம். பிரௌசரையும், வீடியோ சம்பாஷணைக்கான மென்பொருளையும் முதலில் மூடிவிட வேண்டும். சின்னமாகச் சுருங்கித் திரையின் ஓரத்தில் பதுங்கியிருப்பவற்றையும் விடக்கூடாது. அதன் பிறகு சங்கீத மென்பொருளைத் திறந்தால் பெரும்பாலும் சப்தம் வந்துவிடும். இரண்டும் கூடவே வேண்டுமென்பவர்கள், மென்பொருளின் ஆடியோ செட்டிங்கில், பின்னணிக்குப் போகும்போது டிரைவரை, அதாவது சாதனத்தை இயக்கும் சிறு மென்பொருளை, விட்டுவிடும்படி சொல்லும் கட்டம் இருக்கிறதா என்று பார்க்கலாம். க்யூபேஸில் அது உண்டு. விண்டோஸின் பழைய சவுண்ட் ஜன்னலில், சாதனத்தின் குணங்களைக் காட்டும் பக்கத்தில், பிரத்தியேக அதிகாரத்தை அனுமதிக்கும் சிறு கட்டம் ஒன்றிருக்கிறது. அதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் வாசாபி வழியாக எவரும் கதவைச் சாத்த முடியாது. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற தனிச் சப்தக் கருவி இல்லாதவர்கள் ‘ஏசியோ4ஆல்’ என்ற இலவச டிரைவரை நாடுகிறார்கள். அது உபயோகமானதுதான், ஆயினும் சாதனத்தைத் தனக்கென்றே இறுகப் பிடித்துக்கொள்ளும் சுபாவம் அதற்கு உண்டாதலால், ஒரு கோளாற்றைத் தீர்த்து இன்னொன்றைத் தந்துவிடுவதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் இந்தத் தகராறு வெகுவாகக் குறைவு. அங்கே ‘கோர் ஆடியோ’ என்ற ஏற்பாடு பல மென்பொருள்களை ஒரே சாதனத்தில் அனுமதித்தும், தாமதத்தைச் சுருக்கியே வைத்திருக்கிறது.

சப்தம் வருகிறது, ஆனால் ஸ்ருதி மாறி வருகிறது என்பது வேறு ஜாதிக் கோளாறு. சப்தத்தை எண்களாக்கும்போது வினாடிக்கு இத்தனை தடவை அளந்தெழுதுவது என்றொரு விகிதம் உண்டு. இதுவே சாம்பிள் ரேட். ஆடியோ சிடியில் அது 44,100. சினிமா, வீடியோ உலகில் 48,000. முதல் விகிதத்தில் பதிவான பாட்டை, சாதனம் இரண்டாம் விகிதத்தில் ஓட்டிவிட்டால், 4 நிமிஷப் பாட்டு சுமார் 20 வினாடி முன்னதாகவே முடிந்துவிடும். அதுமட்டுமா? ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவே, எந்த ஸ்ருதிப் பெட்டியோடும் சேராத ஓரிடத்தில் நின்று பாடுவது போலக் கேட்கும். நம்மவர்கள் காதில் இது உடனே உறுத்திவிடும் என்பது ஒரு சௌகரியமே. மென்பொருளின் பிராஜெக்டிலும், சாதனத்தின் டிரைவரிலும், விண்டோஸின் சவுண்ட் பக்கத்திலும் ஒரே எண் இருக்கும்படி செய்துவிட்டால் விவகாரம் தீர்ந்தது. இந்த எண்கள் ஒத்துப்போகாத காரணத்தாலேயே, சில இன்டர்ஃபேஸ்கள் பிரௌசருக்கு வாய்திறக்க மறுப்பதும் உண்டு.

மூன்றாவது, பொரிகடலை வறுபடுவது போன்ற வெடிப்பு. இது பஃபர் சம்பந்தமானது. கல்யாணப் பந்தியில் பெரிய வாளியோடு வருகிறவர் அடிக்கடி சமையற்கட்டுக்கு ஓடவேண்டியதில்லை. ஆனால் வாளி நிறையும் வரையில் இலைக்காரர் காத்திருக்க வேண்டும். சிறு கிண்ணத்தோடு வருகிறவர் சீக்கிரம் வந்துவிடுவார். ஒரு தடவை தாமதித்தாலோ இலை காலி. பஃபர் என்பது இந்தப் பாத்திரத்தின் அளவு. 44,100 விகிதத்தில் 128 சாம்பிள் என்று வைத்தால் ஏறக்குறைய 3 மில்லி வினாடி. 256 என்றால் 6. 1,024 என்றால் 23. கம்ப்யூட்டர் ஒரு தடவை பிந்தினாலும் அந்த இடத்தில் ஒரு ‘டப்’ விழுகிறது. பாடிப் பதியும்போது சிறிய அளவும், பதிந்தவற்றைக் கலந்து மெருகேற்றும்போது பெரிய அளவும் வைத்துக்கொள்வதே அனுபவஸ்தர்களின் வழக்கம். 1,024-இலும் வெடிப்பு நிற்காவிட்டால் குற்றவாளி வேறெங்கோ இருக்கிறான்: வைஃபையின் டிரைவர் பல சமயங்களில் மூளையை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்கிறது; அதைச் சற்று நேரம் அணைத்துப் பார்ப்பது நல்ல பரீட்சை. மடிக்கணினியின் மின்சிக்கன ஏற்பாடும் யூஎஸ்பி ஹப்பும் அடுத்த சந்தேக நபர்கள். விண்டோஸின் உள்ளமைப்பில் இருபது இடங்களை மாற்றச் சொல்லும் வைத்திய முறைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. எதை மாற்றியதால் குணமாயிற்று என்பது அவற்றில் ஒருபோதும் தெரிவதில்லை.

யூஎஸ்பி மைக்கில் பாடி, கம்ப்யூட்டரின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு இன்னொரு சூட்சுமம். இரண்டு சாதனங்களுக்கும் தனித்தனிக் கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசமே இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் 180 மில்லி வினாடி விலகிவிடும். மைக்கில் ஹெட்போன் துவாரம் இருந்தால் அதிலேயே கேட்பது உத்தமம்.

எல்லாம் சரியாக இருந்தும், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல், பதிவில் வெறும் நேர்கோடு மட்டும் விழுகிறதானால், மைக்கை உபயோகிக்க மென்பொருளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறோமா என்று விண்டோஸின் பிரைவஸி பக்கத்தில் பார்க்க வேண்டும். ஆப்பிளிலும் 2018-இல் வந்த ‘மொஹாவி’ என்ற பதிப்பிலிருந்து இந்த அனுமதி கட்டாயம்.

ப்ளூடூத் ஹெட்போனைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். அதன் தாமதம் பெரும்பாலும் நூறு மில்லி வினாடியைத் தாண்டும். அதோடு, அதன் மைக் திறந்த மாத்திரத்தில், சாதாரணமாக அது டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். பாட்டுக் கேட்க அதை வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்ய உட்காரும்போது வயர் உள்ள ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள்.