பாலாறும் சூழல் நீதியும்

‘மாசு’ என்னும் சொல் தமிழில் மிகப் பழமையானது. ஆடையிற் படிந்த அழுக்கையும், ஆடியிற் படிந்த மறுவையும், உள்ளத்தில் தோன்றும் குற்றத்தையும் அஃது ஒருசேரக் குறித்து வந்துள்ளது. பொருளின் அழுக்கையும் செயலின் பழியையும் ஒரே சொல்லால் வழங்கிய இம்மரபு, இக்காலத்து எழுந்துள்ள ஒரு வினாவிற்குப் பெரிதும் பொருந்துவதாகும். ஆலைக் கழிவால் நீரும் நிலமும் கெடும்போது, அக்கேடு யார்மீது படிகின்றது? அதற்குரிய பழியை யார் ஏற்கின்றனர்? இவ்வினாக்களை ஆராயும் கொள்கையே ‘சூழல் நீதி’ எனப்படும். பாலாற்றங்கரைத் தோல் தொழிலைச் சான்றாகக் கொண்டு அக்கொள்கையை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொள்கையின் தோற்றம்

சூழலைக் காத்தல் வேறு; சூழல் நீதி வேறு. முன்னது காட்டையும் ஆற்றையும் நோக்குவது. பின்னது அவற்றோடு மாந்தரையும் நோக்குவது. 1982இல் அமெரிக்க நாட்டு வடகரோலினா மாநிலத்து வாரன் மாவட்டத்தில், நச்சு வேதிப்பொருள் கலந்த மண்ணைப் புதைக்க அரசு இடந்தேர்ந்தது. அவ்விடம் வறிய கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் பகுதியாகும். அம்மக்கள் சாலையில் படுத்து வண்டிகளை மறித்தனர். ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். நச்சுக்கழிவு கொட்டும் இடங்களுக்கும் மக்களின் இனத்திற்கும் உள்ள தொடர்பை 1987இல் வெளிவந்த ஓர் அறிக்கை புள்ளிவிவரங்களோடு நிறுவியது. கேடு எல்லார்க்கும் பொதுவன்று. எளியோர் வாழும் இடத்தையே அது நாடிச் செல்கின்றது என்பது அதனால் தெளிவாயிற்று.

ஆறும் தொழிலும்

பாலாறு கருநாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் ஒரு பகுதியைக் கடந்து, தமிழகத்துள் நுழைந்து கடலோடு கலப்பது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே தோன்றினும், அம்மணலின்கீழ் ஊறும் நீரே இருகரை ஊர்களுக்கும் உயிராக இருந்தது. ஊற்றுக்கால்வாய்கள் வழியே வயல்களும் விளைந்தன.

இவ்வாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விசாரம், இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடைபெறுகின்றது. முற்காலத்தே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்தினர். அதற்குப் பல வாரங்கள் ஆயின. 1970களின் தொடக்கத்தில், பச்சைத்தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் அவ்வாறே ஏற்றுமதி செய்வதை நடுவணரசு கட்டுப்படுத்தியது. முழுமையாக்கிய தோலையும் தோற்பொருள்களையும் விற்றால் வருவாய் பெருகும் என்பது அதன் கருத்து. வருவாய் பெருகியது உண்மை. ஆயின், விரைந்து பதனிடும் குரோமிய முறையும் அதனோடு பெருகிற்று. மேலைநாடுகளில் காலணியாக மிளிரும் தோலின் அழுக்கு நீர் பாலாற்று மணலில் தங்கலாயிற்று.

கேட்டின் இயல்பு

தோல் அழுகாதிருக்க உப்பிட்டுக் கொணர்வர். அவ்வுப்பைக் கழுவி நீக்கல், சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு மயிரை அகற்றல், குரோமிய உப்பால் பதனிடல், சாயமூட்டல் எனத் தொழில் பல படிகளாக நிகழும். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் பயன்பட்டு, அதனால் பெருமளவு கழிவு வெளியேறுவதாக உச்சநீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகின்றது. இக்கழிவில் குரோமியத்தினும் பரந்து பரவுவது உப்பே. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏனைய அழுக்குகளைப் பெரும்பாலும் நீக்கினும், கரைந்த உப்பை நீக்கும் ஆற்றல் அவற்றின் வழக்கமான முறைகளுக்கு இல்லை. பின்னர் வந்த சவ்வூடு முறை உப்பைப் பிரிக்க வல்லது. ஆனால் பிரித்த உப்பை எங்குச் சேர்ப்பது என்னும் சிக்கல் எஞ்சி நிற்கின்றது. நிலத்தடி நீரில் உப்பேறினால் கிணறு வற்றாமலே பயனற்றதாகும். நீர் கண்ணுக்குத் தெரியும்; வாய்க்கு ஆகாது.

வழக்கும் தீர்ப்பும்

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டிற்று. முன்னெச்சரிக்கை நெறியும், மாசு செய்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் கூறுகளே என்று அஃது உறுதி செய்தது. அதன்வழி அமைந்த ஆணையம் 2001இல், 186 ஊர்களைச் சார்ந்த 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு வரையறுத்தது. இது 1991 முதல் 1998 வரை நேர்ந்த இழப்பிற்குரியது. வகுத்துப் பார்ப்பின், ஏழாண்டுக் கேட்டிற்கு ஒருவர்க்குச் சராசரியாகக் கிடைப்பது 9,200 ரூபாய்க்கும் குறைவேயாகும்.

கணக்கில் வாராதவர்

தொகை சிறிது என்பதினும் ஆழ்ந்த குறை ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. அவ்விழப்பீடு கெட்டுப்போன விளைநிலத்தின் அடிப்படையில் அமைந்தது. நிலமுடையார்க்கே அக்கணக்கில் இடமுண்டு. நிலமில்லாதார் நிலை யாது?

‘புறம்போக்கு’ என்னும் சொல்லை ஈண்டு நினைத்தல் தகும். வரி விதிப்பிற்குப் புறம்பான ஆற்றுப்படுகை, ஏரி, மேய்ச்சல்நிலம் முதலியவற்றைக் குறித்த சொல் அது. ஊரார் அனைவர்க்கும் பொதுவாகிய இவ்விடங்களே நிலமற்ற ஏழையின் உடைமை. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் மொண்டவளும், படுகையில் ஆடு மேய்த்தவனும், பிறர் வயலில் நடவுக்கூலி பெற்றவளும் இழந்தவை எந்தப் பட்டாவிலும் பதிவாகவில்லை. பதிவாகாத உடைமைக்கு ஈடு கோருதல் எவ்வாறு?

இவருள் பலர் தோல் தொழிலிலும் உழைப்பவர். தோலைத் தொடுவதை இழிவென ஒதுக்கிய சமுதாயம், அவ்வுழைப்பை ஆதிதிராவிட மக்கள்மீதும் வறிய இசுலாமியர்மீதும் சுமத்தியது. இன்று தொலைமாநிலத்து ஏழைகளும் அவர்களோடு சேர்ந்துள்ளனர். 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்.

‘ஆலையை மூடினால் இவ்வேழைகள்தாமே பட்டினி கிடப்பர்’ என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயின், கூலி வேண்டுமாயின் நீரை இழக்க வேண்டும், நீர் வேண்டுமாயின் கூலியை இழக்க வேண்டும் என ஒருவனை நிறுத்துவதே அநீதியாகும். ஆலையால் ஆதாயம் அடைவோர் எவரும் அவ்வாறு நிறுத்தப்படுவதில்லை. தூய்மை செய்யும் செலவைத் தோலின் விலையில் சேர்க்காது ஏழையின் கிணற்றில் சேர்த்தமையால் விளைந்த நெருக்கடி அது.

முடிவுரை

2025 சனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் பாலாற்று நிலையை மீண்டும் ஆராய்ந்து, இழப்பீட்டை அரசு வழங்கி மாசு செய்தவரிடம் மீட்க வேண்டும் என்றும், ஆற்றை மீட்கக் குழு அமைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. முதல் தீர்ப்பிற்கு ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின்னும் இத்தகைய ஆணை தேவைப்பட்டமை சிந்திக்கத்தக்கது. நெறி வகுத்தலோடு நீதி முற்றுப்பெறாது. இழந்தோர் யாவர் எனக் காணும் கணக்கு, பட்டா உடையாரோடு நில்லாது பொதுநிலத்தை நம்பி வாழ்ந்தாரையும் தழுவுதல் வேண்டும். கணக்கு எழுதும் அவையில் அவர்க்கும் இருக்கை வேண்டும். அதுகாறும் பாலாற்றில் படிந்த மாசு, நீரின் அழுக்காக மட்டுமன்றி நம் முறைமையின் பழியாகவும் நிற்கும்.