உங்களுக்குத் தெரியுமா? உதிரிபாகமே கருவியின் ஆயுள்

1850இல் பாரிசில் தயாரான 15 செ.மீ. தொலைநோக்கி ஒன்று, 1898இல் கிரப் நிறுவனத்தால் சூரியனைப் படமெடுக்கும் கருவியாக மாற்றியமைக்கப்பட்டு, பழனிமலைத் தொடரிலுள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கும் மேலாகப் பயன்பட்டுவருகிறது. ஆனால் அதே ஆய்வகத்தில் கால்சியம் அணுக்களுக்குரிய ஊதா ஒளியில் மட்டும் சூரியனைப் பதிவுசெய்ய 1904இல் தொடங்கிய பணி, ஒளிப்படத் தகடுகளும் ஃபிலிமும் கிடைக்காமற்போனதால் 2007இல் நின்று, பின்னர் மின்னணுக் கேமராவின் துணையுடன் தொடர்ந்தது.

ரேடியோ மூலம் இயக்கப்படும் மாதிரிக் கார்களுக்கும் இதே நிலைதான்: பொது அளவில் வரும் மோட்டாரையும் பேட்டரியையும் எளிதில் மாற்றிவிடலாம் என்றாலும், ஒரு மாடலுக்கென்றே வார்க்கப்படும் கியர்பெட்டிக்கு அதைத் தயாரித்த நிறுவனத்தையே நம்பியிருக்க வேண்டும்; ஜப்பானின் தமியா நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஹார்னெட்டை 2004இல் மறுவெளியீடு செய்தபோது பழைய வண்டிகளுக்கும் பாகங்கள் கிடைத்தன.