பூட்டிய பேனா

பாரதியார் பத்திரிகைக்காரர் என்பது உங்களுக்குத் தெரியுமா? சென்னையில் ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில் வெள்ளைக்காரரை எதிர்த்து எழுதினார். 1908-ல் போலீஸ் வந்தது. ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசனைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். அது பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். வெள்ளைக்காரப் போலீஸ் அங்கே கைவைக்க முடியாது. அங்கிருந்தும் ‘இந்தியா’ வந்தது. அதை இங்கே வரவிடாமல் தடுத்தார்கள். 1910-ல் நின்றுபோச்சு. 1928-ல் அவர் பாட்டுப் புத்தகங்களையும் பறிமுதல் செய்தார்கள். அதே பாட்டைத்தான் நாம இன்னைக்கு மனப்பாடம் பண்றோம்!

எங்க தெருக் கரித்தூசியைப் பற்றி எழுதப் போறேன்னேன். “உனக்கேன் வம்பு?” என்றாங்க அம்மா. எழுதும் உரிமை அரசியல் சட்டம் 19-வது பிரிவிலேயே இருக்கே! அதனால எழுதிட்டேன்: எண்ணூரில் எங்க மாடியில் காயும் வெள்ளைச் சட்டை, சாயங்காலம் கறுத்துப்போகுது.

– 9-ஆம் வகுப்பு மாணவி