உங்களுக்குத் தெரியுமா? கர்ஜித்தே இரை தேடும் ரீப்பர்

'சப்னாட்டிகா' வீடியோ கேமில் கடலுக்குள் இறங்குபவர்களைக் கதிகலங்க வைக்கும் வேட்டை விலங்கு, ரீப்பர் லெவியத்தன். 2018-இல் முழு வடிவில் வெளியான இந்த விளையாட்டின் களம், 4546பி என்ற கற்பனைக் கடல் கோள்.

ரீப்பரின் நீளம் 55 மீட்டர்! நிஜ உலகின் மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கிலமே சுமார் 30 மீட்டர்தான்.

அடிக்கடி அது எழுப்பும் கர்ஜனை வெறும் மிரட்டல் அல்ல. அந்த ஒலி எதிரே இருப்பவற்றில் பட்டுத் திரும்புவதை வைத்தே இரை எங்கே என்று கண்டுகொள்கிறது. வௌவால்களும் டால்பின்களும் கையாளும் அதே உத்தி!

இரை சிக்கினால், முகத்தைச் சுற்றியுள்ள நான்கு கொடுக்குகளால் இறுகப் பற்றும். 'சீமாத்' என்ற சிறு நீர்மூழ்கியைக்கூடக் கவ்வி நொறுக்கிவிடும்.

அரோரா விண்கலம் விழுந்து கிடக்கும் பகுதியில் ரீப்பர்கள் சுற்றித் திரியும். விளையாடப் போகிறவர்கள், அந்தப் பக்கம் கவனம்!